ஆர்டிஸ் ஏறாத கார்

"ஏறுன்னா ஏறித் தொலையேன். வெளிய மைனஸ் இருபது. மூக்கு உறைஞ்சு உதிர்ந்துரும்."

"உதிரட்டும். நானே குனிஞ்சு பொறுக்கிக்கறேன். நீ உன் குழாயை ஊதிட்டுக் கிளம்பு."

"இது உன் கார், ஆர்டி."

"என் காரா? என் கார்ல என்னைக் கேக்காம யாரு குழாய் மாட்டுனது?"

"கவர்மெண்ட் மாட்டச் சொன்னான். உனக்குத் தெரியாதா?"

"கவர்மெண்டா தண்ணியடிச்சான்?"

ஆர்டிஸோட புருஷன் வெர்லின் கார்க் கண்ணாடியை ஏத்திக்கிட்டான். பக்கத்து வீட்டு லவோன் காலையிலயே தள்ளி முடிச்ச பனியை மறுபடியும் தள்ளிக்கிட்டு இருந்தா. ஒரு வார்த்தை விடாம கேட்டுட்டா. ஆனா ஆர்டிஸ் வாசலைத் தாண்டி வந்ததும் நிமிர்ந்து, "இன்னிக்குக் குளிர் கொஞ்சம் ஜாஸ்திதான், இல்ல?"ன்னு மட்டும் கேட்டா. "ஆமா, கொஞ்சம்"னு சொல்லிட்டு ஆர்டிஸ் நடந்தா. அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலத்துல, அந்தப் பக்கத்துச் சின்ன ஊருங்கள்ல எல்லாருக்கும் எல்லாம் தெரியும். யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. குளிரைப் பத்தி மட்டும்தான் பேசுவாங்க.

ஆர்டிஸுக்கு ஐம்பத்தொண்ணு வயசு. ஊர்க் கோடியில இருக்கற முதியோர் இல்லத்துச் சமையக்கட்டுல வேலை. காருல போனா ஒரு பாட்டு முடியறதுக்குள்ள போயிடலாம். நடந்தா கால் விரல் மரத்துப் போறவரைக்கும் நடக்கணும். ஒரு வருஷம் ஆகப்போகுது, நடந்துதான் போறா, நடந்துதான் வர்றா.

அவ நடக்கறதுக்குக் காரணம் அந்தக் காரோட நம்பர் பிளேட். எல்லார் வண்டியிலயும் ஏரி படம் போட்ட நீல பிளேட் இருக்கும். அவ வண்டியில மொட்டையா ஒரு வெள்ளை பிளேட். நம்பர் 'டபிள்யூ'ல ஆரம்பிக்கும். ஊர்ல அதுக்கு விஸ்கி பிளேட்னு பேரு. குடிச்சுட்டு வண்டியோட மாட்டுனவன் வண்டின்னு பத்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மாட்டுனது வெர்லின். அவ இல்ல. அவ சர்ச்சுல கொடுக்கற ஒயினைக்கூட நாக்குல தொட்டுக்கறதோட சரி.

நடந்தது போன வருஷக் குளிர்காலத்துல. ஏரி கெட்டியா உறைஞ்சு, அது மேல மீன் பிடிக்கற குடிசைங்க வரிசையா நின்ன நேரம். வெர்லினும் அவன் சிநேகிதன் கார்ஸ்டனும் மத்தியானத்துலேருந்து குடிசைக்குள்ள உக்காந்து, ஐஸுல ஓட்டை போட்டு தூண்டிலை விட்டுட்டு, பீரும் அதுக்கு மேல பெப்பர்மின்ட் சரக்கும் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பொழுது சாயறப்ப கார்ஸ்டனோட மகன் வந்து அப்பனை அள்ளிக்கிட்டுப் போயிட்டான். வெர்லின் தங்கிட்டான். குடிசையில கேஸ் தீர்ந்து ஹீட்டர் அணைஞ்சுது. அவன் வெளிய நின்ன தன்னோட பிக்கப் வண்டியில ஏறி, எஞ்சினைப் போட்டு, சூட்டுல தூங்கிட்டான். ரோந்து வந்த போலீஸ் கண்ணாடியைத் தட்டினப்ப சாயங்காலம் மணி ஆறோ ஏழோ. ஊதச் சொன்னாங்க. சட்டம் சொல்ற அளவுக்கு ரெண்டு மடங்கைத் தாண்டிருச்சு.

"நான் ஓட்டவே இல்லையே! வண்டி நின்ன இடத்துலதானே நிக்குது!"ன்னு கத்திப் பாத்தான்.

அங்க சட்டம் அப்படி இல்ல. வண்டி நகரணும்னு அவசியமே இல்ல. குடிச்சவன் ஸ்டியரிங் முன்னாடி உக்காந்து, சாவியும் அவன் கைக்கு எட்டற தூரத்துல இருந்தா போதும். வண்டி அவன் பிடியில இருந்ததாத்தான் கணக்கு. ஓட்டினவனுக்கு என்னவோ அதேதான் இவனுக்கும்.

ஊரே வெர்லின் பக்கம் நின்னுச்சு. ஊர்க்காரங்க குடிக்கக் கூடற லீஜன் கிளப்புல கார்ஸ்டன் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினான். "தூங்குனவனுக்கு தண்டனையாம்டா! நாளைக்குக் கனவுல ஓட்டினாலும் வந்து புடிப்பானுங்க!" எல்லாரும் சிரிச்சாங்க, வெர்லின் முதுகுல தட்டினாங்க. பாவம், குடிச்சுட்டு ஓட்டாம தூங்கி நல்லது செய்யப் போய் மாட்டிக்கிட்டான்னாங்க. அவனும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு "என்ன பண்றது"ம்பான்.

தண்டனை வந்துச்சு. அவன் பால் டேங்கர் ஓட்டிக்கிட்டு இருந்தவன். பெரிய வண்டி லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குப் போச்சு. அதே பால் கம்பெனியில இப்ப டேங்க் கழுவறான். வக்கீலுக்காகப் பிக்கப்பை வித்தாச்சு. மிச்சம் இருந்தது ஆர்டிஸோட பச்சை பியூக் கார் ஒண்ணுதான். அவனுக்குத் திரும்ப வண்டி ஓட்ட அனுமதி வேணும்னா, ஊதிக் குடிக்கலன்னு காட்டினாத்தான் வண்டியைக் கிளப்ப விடற மெஷினை மாட்டணும், அதை மாட்ட வேற வண்டி இல்ல. மெஷினும் பியூக்குக்கே வந்துச்சு. பிளேட்டும் பியூக்குக்கே வந்துச்சு.

அவ காருக்கு எப்படி பிளேட் வந்துச்சுன்னு கேப்பீங்க. வாங்கினது அவ சம்பாத்தியத்துலதான். பதிவு பண்ணப் போன அன்னிக்கு கவுன்டர்ல இருந்த பொண்ணு, "உங்க பேரு மட்டும் போதுமா?"ன்னு கேட்டுது. இவதான் சிரிச்சுக்கிட்டே, "அவர் பேரையும் சேத்துப் போடும்மா, அவரு வேற யாரோவா"ன்னு சொன்னா. அங்க புருஷன் பொண்டாட்டி எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. மாட்டுனவன் பேரு எந்த வண்டியில இருந்தாலும் அந்த வண்டி பிளேட்டைப் புடுங்கிடுவாங்கன்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும்?

ஆரம்பத்துல அவளும் ஓட்டிப் பாத்தா. ஒரு தடவை. மளிகைக் கடை வாசல்ல, பை எல்லாம் ஏத்திட்டு சாவியைத் திருகினா. மெஷின் பீப்னுது. அந்தக் காரை யாரு எடுத்தாலும் ஊதணும், குடிச்சவன் குடிக்காதவன்னு அதுக்குத் தெரியாது. குழாயை வாயில வச்சு ஊதினா. பத்தலைன்னுது. மறுபடியும் ஊதினா, கன்னம் ரெண்டும் உப்ப. நிமிர்ந்தா எதிர்ல லவோன், லவோன் புருஷன், பேரப்பிள்ளைங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. கையை மட்டும் ஆட்டினாங்க. அன்னியோட அந்தக் காரைத் தொடறதில்ல. ஏறி உக்கார்றதும் இல்ல.

கார்ஸ்டனுக்கு அதுவும் விளையாட்டு. வெர்லின் கிளப் வாசல்ல வண்டியை எடுக்கறப்ப எல்லாம், "டேய், மவுத் ஆர்கன் நல்லா வாசிக்கறடா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வந்துரு!"ம்பான்.

பிளேட் மட்டும்னா அவ ஒருவேளை பொறுத்துப் போயிருப்பா. இன்னொண்ணு இருந்துச்சு. அதை அவ யார்கிட்டயும் சொல்லல.

வக்கீல் ஆபீஸ்ல போலீஸ்காரர் சட்டையில மாட்டியிருந்த கேமராவுல எடுத்த வீடியோவைப் போட்டுக் காமிச்சாங்க. கண்ணாடியைத் தட்டறாங்க, வெர்லின் முழிக்கறான், கதவு திறக்குது. இறங்கறதுக்கு முன்னாடி அவன் கை இடுப்புக்குப் போயி சீட் பெல்ட்டைக் கழட்டுது. அவ்வளவுதான். வக்கீல் அதைக் கவனிக்கவே இல்ல. சட்டத்துக்கு அது தேவையும் இல்ல, பெல்ட் போட்டாலும் போடாட்டியும் அதே தண்டனைதான். ஆர்டிஸ் மட்டும் பாத்தா. தூங்கறதுக்குன்னு ஏறினவன் பெல்ட் எதுக்குப் போட்டான்?

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில கேட்டுட்டா. "அன்னிக்குப் பெல்ட் போட்டிருந்தியே, ஏன்?"

"பழக்கம்"னுட்டு அவன் தட்டை எடுத்துக்கிட்டு சிங்க் பக்கம் போயிட்டான்.

அதுக்கு மேல கேக்க அவளுக்கு வரல. ரெண்டு பேருக்கும் அது வராது. அந்த ஊர் ஜனங்களே அப்படி. மூஞ்சிக்கு மூஞ்சி பாத்து மனசுல இருக்கறதைச் சொல்றதுன்னா கூசிப் போயிடுவாங்க. வெர்லினும் ஆர்டிஸும் கல்யாணம் ஆன நாள்லேருந்து எது பேசினாலும் கார்லதான் பேசுனாங்க. ரெண்டு பேரும் ரோட்டையே பாத்துக்கிட்டு. குழந்தை தங்கலன்னு அவ சொன்னது கார்ல. தன் அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப் போனதை அவன் சொன்னது கார்ல. சண்டை போட்டு, பத்து மைல் ஒண்ணும் பேசாம ஓட்டி, கடைசியில "பசிக்குதா?"ன்னு கேட்டுச் சமாதானம் ஆனதும் கார்லதான்.

வெள்ளிக்கிழமைன்னா லீஜன்ல பொரிச்ச மீன் சாப்பிட்டுட்டு ஏரியைச் சுத்தி ஒரு ரவுண்டு போவாங்க. அவன் ஒரு கையால ஓட்டுவான். அவ சின்ன ஆரஞ்சை உரிச்சு, சுளையைப் பிச்சு, கேக்காமலே நீளற அவன் உள்ளங்கையில வைப்பா. அவன் ரோட்டுலேருந்து கண்ணை எடுக்காம வாயில போட்டுக்குவான். கோடையில கண்ணாடியை இறக்கி விட்டா தண்ணி வாசம் வரும். இந்த ஒரு வருஷமா ஆர்டிஸ் அதையேதான் நினைச்சுக்கிட்டு நடந்தா. வீட்டுல புருஷன் இருக்கான், ஒரே மேஜையில சாப்பிடறான், ஒரே கட்டில்ல படுக்கறான். ஆனா அவனைப் பாக்கணும்போல இருக்கும் அவளுக்கு. அந்தப் பக்கத்து சீட்டுல உக்காந்து, அவன் பக்கவாட்டு முகத்தைப் பாக்கணும்போல. அந்தக் காருக்குள்ள போனாத்தான் கேக்க முடியும். அந்தக் காருக்குள்ள போகவும் முடியல.

அவனுக்கும் அதே ஏக்கம்தான்னு நினைக்கறேன். ஏன்னா அவ வேலை முடிஞ்சு நடந்து வர்றப்ப எல்லாம் அவன் காரை எடுத்துக்கிட்டு வந்துருவான். அவ நடக்கற வேகத்துக்கே ஓரமா ஊர்ந்துக்கிட்டு வருவான். எமர்ஜென்சி லைட்டு ரெண்டும் மினுக் மினுக்னு எரியும். கண்ணாடியை இறக்கி விட்டுருப்பான், அந்தக் குளிர்லயும். சில நாள், "இன்னிக்கு என்ன சமையல் அங்க?"ம்பான். அவ "டேட்டர் டாட் ஹாட்டிஷ்"னு, உருளைக்கிழங்கும் கறியும் வச்சுச் சுடற அந்த ஊர்ச் சாப்பாட்டுப் பேரை, ரோட்டைப் பாத்தே சொல்லுவா. "அவங்களுக்குப் பிடிச்சுதா?" "பல்லு இருக்கறவங்களுக்குப் பிடிச்சுது." இப்படியே வீடு வரைக்கும். ஊர்க்காரங்க பழகிட்டாங்க. சுத்தி ஓட்டிக்கிட்டுப் போயிடுவாங்க.

ஒரு வருஷம் முடிய கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. மார்ச் மாசம். வெள்ளிக்கிழமை. பனி கொஞ்சம் இளகி ரோடெல்லாம் சகதி. அவ நடக்கறா, அவன் பக்கத்துல ஊர்ந்து வர்றான். பின்னாடி சைரன் ஒரு தடவை விக்கற மாதிரி கத்துச்சு. சிவப்பும் நீலமுமா லைட்டு.

இறங்கினது ஒரு போலீஸ் பொண்ணு. ஊருக்குப் புதுசு. விஸ்கி பிளேட் போட்ட ஒரு வண்டி, தனியா நடந்து போற ஒரு பொம்பளை பின்னாடியே ஊர்ந்து போகுது. அதுக்கு என்ன தோணும்? வெர்லின்கிட்ட, "சார், எஞ்சினை நிறுத்துங்க. கையை ஸ்டியரிங் மேல வைங்க"ன்னு சொல்லிட்டு, ஆர்டிஸ் பக்கம் வந்து மெதுவா கேட்டுச்சு.

"அம்மா, பயப்படாம சொல்லுங்க. இந்த ஆளு உங்களைத் தொந்தரவு பண்றாரா?"

ஆர்டிஸ் திரும்பிப் பாத்தா. வெர்லின் ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வச்சுக்கிட்டு நேரா முன்னாடி பாத்துக்கிட்டு இருந்தான், ஸ்கூல்ல தப்பு பண்ண பையன் மாதிரி. தொப்பிக்குக் கீழ முடியெல்லாம் நரைச்சுப் போயிருந்துச்சு. எப்ப நரைச்சுதுன்னு அவளுக்குத் தெரியல.

"முப்பது வருஷமா பண்றாரு"ன்னா. அந்தப் பொண்ணு முழிச்சுது. "என் புருஷன்மா."

"அப்ப நீங்க ஏன் நடக்கறீங்க?"

ஊர்ல ஒருத்தர்கூடக் கேக்கல அதை. ஒரு வருஷத்துல ஒருத்தரும் கேக்கல. ஆர்டிஸ் காரைச் சுத்திக்கிட்டுப் போயி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உக்காந்துட்டா.

வெர்லின் மெஷினை ஊதினான். அந்தப் போலீஸ் பொண்ணு நின்னு பாத்துட்டு, "பாத்துப் போங்க"ன்னு வழி விட்டுச்சு. வீட்டுத் திருப்பம் வந்துச்சு, அவன் திரும்பல. ஏரி ரோட்டுலயே விட்டான். மீன் குடிசைங்களை எல்லாம் எடுத்துட்டாங்க, ஏரி வெறுமையா சாம்பல் நிறத்துல கிடந்துச்சு. ஹீட்டர் சூடு கால்ல ஏறுச்சு. அந்த சூட்டுலயும் அந்தக் காரோட பழைய வாசத்துலயும் அவளுக்கு அழுகை வர்ற மாதிரி ஆயிடுச்சு.

கேக்காம விட்டுடலாமான்னுகூட நினைச்சா. இது போதுமே, இப்படியே போயிடலாமேன்னு. ஆனா வாய் கேட்டுடுச்சு.

"வெர்லின். அன்னிக்குத் தூங்கறதுக்காகவா வண்டியில ஏறின?"

அவன் வாயைத் திறந்தான். மெஷின் பீப் பீப்னுது. வண்டி ஓடறப்பவும் அது நடுவுல நடுவுல ஊதச் சொல்லும், ஊதலன்னா தப்புன்னு கணக்குல ஏறிடும். ஓரமா நிறுத்தினான். குழாயை எடுத்து ஊதினான், நீளமா, மூச்சு முடியற வரைக்கும். பச்சை லைட்டு வந்துச்சு. குழாயை மடியில வச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தான்.

"வீட்டுக்கு வரத்தான் ஏறினேன்"னான். "பெல்ட் போட்டேன். லைட்டைப் போட்டேன். கண்ணாடி பூரா பனி. உருகட்டும்னு உக்காந்திருந்தேன். அது உருகறதுக்குள்ள கண்ணு சொருகிருச்சு. சீக்கிரம் உருகியிருந்தா வந்திருப்பேன், ஆர்டி."

ஆர்டிஸ் ஏரியைப் பாத்தா.

"ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"நீ கார்ல ஏறலையே."

அவளுக்குச் சிரிப்பும் வந்துச்சு, அடிக்கணும்போலவும் இருந்துச்சு. அப்புறம் கேட்டா. "அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் குடிச்சுட்டு ஓட்டினது உண்டு. கார்ஸ்டன் வீட்டுலேருந்து வர்றப்ப. மான் வேட்டைக்குப் போயிட்டு வர்றப்ப."

"வெள்ளிக்கிழமைல?"

அவன் குழாயைத் திரும்ப மாட்டினான்.

"வெர்லின், நான் பக்கத்துல இருக்கறப்ப?"

"மூணு பீர். சில நாள் நாலு. எல்லாரும் குடிக்கறதுதானேன்னு..." குரல் உள்ள போயிருச்சு. "நல்லாத்தான் ஓட்டினேன். ஒண்ணும் ஆகலையே."

அவ எண்ணினதே இல்ல. அவன் மேஜையில எத்தனை கிளாஸ் வந்துச்சு, எத்தனை போச்சுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. ஒரு வருஷமா அந்தப் பனியில நடக்கறப்ப அவ பொத்திப் பொத்தி வச்சிருந்தது அந்த வெள்ளிக்கிழமைகளைத்தான். அதுக்குள்ளயும் இது இருந்திருக்கு. ஆனாலும் அதுல ஒரு நாளைத் திருப்பிக் குடுக்கறேன்னு யாராவது சொன்னா வேண்டாம்பாளா? அவளுக்கே தெரியல. அதுதான் அவளை ரொம்ப உறுத்துச்சு.

வீட்டு வாசல்ல வண்டி நின்னப்புறமும் ரெண்டு பேரும் இறங்கல. லவோன் வீட்டு ஜன்னல்ல திரை லேசா அசைஞ்சுது.

"மெஷினை எப்ப கழட்டறாங்க?"ன்னா.

"அடுத்த புதன். பிளேட்டும் மாறிடும். பழைய மாதிரி ஏரி படம் போட்டதே வந்துரும்."

"பிளேட்டு மாறட்டும். மெஷினைக் கழட்டாத."

"என்னது?"

"அது இருக்கட்டும்."

"எது வரைக்கும்?"

"தெரியல. இருக்கட்டும்."

"ஏம்மா, தண்டனை முடிஞ்சப்புறமும் காசைக் குடுத்து இதை வச்சுக்கிட்டிருக்கற பைத்தியக்காரன் இந்த ஊர்ல உண்டா? கார்ஸ்டன் என்னை உயிரோட விடுவானா?" அப்படின்னுட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கிட்டே இருந்தான். அப்புறம் ரோட்டைப் பாக்கற மாதிரியே முன்னாடி பாத்துக்கிட்டுச் சொன்னான். "சரி. வச்சுக்கறேன். ஆனா நீ பக்கத்துல உக்காரணும். வேலைக்குப் போறப்பவும் வர்றப்பவும். வெள்ளிக்கிழமையும். நீ உக்காந்தா நான் ஆயுசுக்கும் ஊதறேன். நீ நடக்கறதுன்னா எனக்கு இது எதுக்கு?"

அவ இறங்கி உள்ள போயிட்டா.

மறுநாள்லேருந்து மறுபடியும் நடக்கறா. அவன் மறுபடியும் ஊர்ந்து வர்றான். ஆனா இப்ப நடக்கறப்ப அவ பிளேட்டைப் பத்தி யோசிக்கல. உண்மையைச் சொன்னவன் பக்கத்துல உக்காரணும்னு இருக்கு. அந்த உண்மையைக் கேட்டதுக்கப்புறம் எப்படி உக்கார்றதுன்னும் இருக்கு. அவன் ஊதற சத்தத்தை ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கிட்டு, அந்த வெள்ளிக்கிழமைகள்ல ஊதியிருந்தா என்ன காட்டியிருக்கும்னு நினைச்சுக்கிட்டு உக்காரணும். உக்காரலன்னா புதன்கிழமை கழட்டிடுவான். அதுக்கப்புறம் அவனை நிறுத்தறதுக்கு எதுவும் இல்ல, அவன் வார்த்தையைத் தவிர.

சமையக்கட்டுல உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருக்கறப்ப இதையெல்லாம் அவ கூட வேலை பாக்கற என்கிட்ட சொன்னா. நாங்க ரெண்டு பேரும் ஒரே தொட்டியில கையை விட்டுக்கிட்டு, சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னோம். அதனால சொல்ல முடிஞ்சுதோ என்னமோ. கடைசியில, "நீயா இருந்தா ஏறுவியா?"ன்னு கேட்டா. எனக்கு உடனே சொல்லத் தெரியல.

அதான் உங்ககிட்ட கேக்கறேன். உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்திருக்கலாம், இப்பவும் இருக்கலாம். நீங்க ஆர்டிஸா இருந்தா ஏறுவீங்களா, நடப்பீங்களா? ஏன்? புதன்கிழமைக்குள்ள கீழ எழுதுங்க. ஒரு வரின்னாலும் சரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, நான் அவ பாஷையில ஒண்ணு விடாம சொல்றேன்.